காட்டாமையும் பண்ருட்டிப் பலாவும்

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்துத் தோப்புக்காரர்களிடம் அந்த நாளைப் பற்றி இன்று கேட்டாலும், அந்த ஆண்டு எத்தனை பழம் போயிற்று என்று அவர்கள் கணக்குச் சொல்வதில்லை. எத்தனை மரம் சாய்ந்தது என்றுதான் சொல்கிறார்கள். பூவும் பிஞ்சும் உதிர்ந்தால் அது ஓராண்டு நட்டம், அடுத்த ஆண்டு மரம் மீண்டும் காய்க்கும். தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்தால், கன்று நட்டு, அது காய்ப்புக்கு வந்து, பழைய மரத்தின் அளவுக்குத் தாங்கிக் காய்ப்பதற்குள் வீட்டில் ஒரு தலைமுறை மாறிவிடும். பழத்தை இழப்பதற்கும் மரத்தை இழப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு தெரிந்தவருக்கு, காட்டு ஆமைகளைக் காப்பது எப்படி என்ற கேள்வியில் பாதி ஏற்கனவே தெரியும். மீதிப் பாதியைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் எந்த ஆமை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் ஆமை என்ற ஒரே சொல்லை மூன்று வகை வாழ்க்கைக்கும் பயன்படுத்துகிறோம். தை முதல் பங்குனி வரை கடலூர், புதுச்சேரிக் கடற்கரை மணலில் இரவில் ஏறி முட்டையிடும் பங்குனி ஆமை, கடலுக்குரியது. வீராணம், பெருமாள் ஏரி, ஊசுடு போன்ற நீர்நிலைகளை உடைய இந்த மாவட்டங்களின் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் தலையை நீட்டுகிற பாலாமையும் காராமையும் நன்னீருக்குரியவை. இவை இரண்டிலும் சேராமல், நீரில் இறங்காமல், புதர்க்காட்டிலும் புல்வெளியிலும் நடந்தே வாழ்நாளைக் கழிக்கிற மூன்றாவது வகைதான் நில ஆமை. ஊர்ப்புறத்தில் அதைக் காட்டாமை என்றும் கட்டாமை என்றும் சொல்வார்கள்.

எது எந்த வகை என்று அறியக் காலைப் பார்த்தாலே போதும். கடலாமைக்குக் கால் துடுப்பாக இருக்கும். நன்னீர் ஆமைக்கு விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். நில ஆமைக்கோ சிறு யானையின் காலைப்போல உருண்டு திரண்ட தூண் கால். இது வெறும் அடையாளக் குறிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஆமை என்றாலே தண்ணீர்ப் பிராணி என்ற எண்ணத்தில், வழியில் கண்ட காட்டாமையை நல்ல மனத்தோடு கொண்டுபோய்க் கோயில் குளத்திலோ கிணற்றிலோ விடுகிறவர்கள் உண்டு. அதற்கு நீந்தத் தெரியாது. கரையேற வழியில்லாத படித்துறையில் அது மூழ்கிச் சாகும்.

இந்தியாவில் நில ஆமை இனங்கள் ஐந்து. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டில் உள்ளன. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் திருவிதாங்கூர் ஆமை. மற்றது வறண்ட சமவெளியின் முட்புதர்க் காடுகளுக்கு உரிய நட்சத்திர ஆமை. கடலூர், புதுச்சேரிப் பகுதியின் செம்மண் மேடுகளைப் பற்றிப் பேசுகிறபோது நாம் பேச வேண்டியது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

வளர்ந்த பெண் நட்சத்திர ஆமை ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது. கவிழ்த்து வைத்த கிண்ணம்போல உயர்ந்த ஓட்டில் கருமையான தட்டுகள், ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு மஞ்சள் பொட்டு, பொட்டிலிருந்து நாலாபக்கமும் பிரிகிற மஞ்சள் கதிர்கள். கடைவீதியில் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற இந்தக் கோலம், சூரைப் புதரின் அடியில் கிளைநிழலும் காய்ந்த புல்லும் வெயில் கீற்றுகளும் கலந்து கிடக்கிற தரையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். ஓட்டின் வடிவமும் பொருளற்றதன்று. எப்படிப் புரட்டிப் போட்டாலும் தானாக நிமிர்ந்து நிற்கும் ஒரு திண்ம உருவத்தை ஹங்கேரி நாட்டுக் கணித அறிஞர்கள் காபோர் டோமோகோஷும் பீட்டர் வார்கோனியும் 2006ஆம் ஆண்டு உருவாக்கினார்கள். அந்த உருவத்தோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போவதாகக் காட்டப்பட்ட ஓடுகளில் நட்சத்திர ஆமையின் ஓடும் ஒன்று. கணிதத்துக்கு எட்ட நெடுங்காலம் பிடித்த ஒன்றை, 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் இந்த உலகில் இருந்துவரும் ஒரு குடும்பம் முதுகில் சுமந்துகொண்டு நம் வேலியோரம் நடந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஒரு சிறு மகிழ்ச்சி.

ஓட்டைவிட முக்கியமானது அதன் வாழ்க்கை வேகம். பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடைவதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 ஆண்டுகள் ஆகும். மழைக்காலத்தை ஒட்டி, இறுகிய மண்ணைத் தன் சிறுநீரால் நனைத்து இளக்கிப் பின்னங்கால்களால் குழி பறித்து, கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய அளவுக்கே முட்டைகள் இடும். மூடிவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்ப்பதில்லை. மண்ணின் வெப்பத்தைப் பொறுத்துக் குஞ்சு வெளிவர இரண்டு மாதமும் ஆகலாம், ஐந்தாறு மாதமும் ஆகலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த வெப்பமே முடிவு செய்கிறது. சூடு மிகுந்த மண்ணில் பெண்கள் மிகுதியாகப் பிறக்கும். கீரி, உடும்பு, நரி, காகம், நாய் எல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் பகை. ஓடு இறுகி ஆமை பெரிதாகிவிட்டால் மட்டும் இயற்கையில் அதற்குப் பகை மிகக் குறைவு. அப்போது அது பல பத்தாண்டுகள் வாழும்.

இங்கேதான் பலாத் தோப்புக் கணக்கு வருகிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் ஆமை தன் 10ஆம் வயதிலிருந்து 40ஆம் வயது வரை ஆண்டுக்கு 6 முட்டை வீதம் இடுகிறது என்று கொள்வோம். வாழ்நாளில் மொத்தம் 180 முட்டைகள். ஆமைக் கூட்டத்தின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் நிற்க வேண்டுமானால், இந்த 180இல் இரண்டே இரண்டு வளர்ந்து பெரியவையானால் போதும். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. அதாவது 90 முட்டைக்கு ஒரு வளர்ந்த ஆமை. ஒரு மழைக்காலத்தில் கீரி அந்த 6 முட்டைகளையும் தின்றுவிட்டாலும் இழப்பு 180இல் 6தான். அது பிஞ்சு உதிர்ந்த ஆண்டு. ஆனால் அந்தப் பெண் ஆமையை 15ஆம் வயதில் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அது இட்டிருப்பது 30 முட்டை மட்டுமே. 30 முட்டைக்குக் கணக்குப்படி ஓர் ஆமையின் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அந்தத் தாய் தன் இடத்தை நிரப்பாமலே போய்விட்டது. கோணிப்பையில் போட்டவருக்கு அது ஓர் ஆமை. காட்டுக்கோ இன்னும் 25 மழைக்காலம் காய்த்திருக்க வேண்டிய மரம்.

எலியும் முயலும் கொக்கும் இப்படிப்பட்ட கணக்கில் வாழ்வதில்லை. அவற்றுக்குப் பருவம் விரைவில் வருகிறது. ஒரு கெட்ட ஆண்டை அடுத்த நல்ல ஆண்டு சரிக்கட்டிவிடும். ஆமையின் குடும்பம் வேறொரு ஏற்பாட்டை நம்பி இத்தனை கோடி ஆண்டுகள் நீடித்தது: குஞ்சுகள் சாகலாம், பெரியவை சாகக் கூடாது. அந்த ஏற்பாட்டின் அடிமரத்தையே வெட்டுகிற ஒரே உயிரினம் மனிதன்தான். உலகில் உள்ள 350க்கும் மேற்பட்ட ஆமை இனங்களில் பாதிக்கு மேல் அழியும் நிலையை நோக்கிப் போவதற்கு அடிப்படைக் காரணமும் இதுவே. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, கடலாமை அறிந்தவர்கள் அவ்வளவு கலங்கியதும் இதனால்தான். இழுவலையில் சிக்கி மூச்சுத்திணறி இறந்தவை முட்டையிடக் கரையை நாடிவந்த முதிர்ந்த ஆமைகள். குஞ்சு பொரிப்பகத்தில் எத்தனை ஆயிரம் குஞ்சுகளைக் கடலில் விட்டாலும் அந்த இழப்பு உடனே ஈடாகாது. குஞ்சு விடும் காட்சி படத்துக்கு அழகாக இருப்பதும், வலைக்குத் தப்பும் வழி அமைப்பது படத்துக்கு வராததும் இந்தத் துறையின் ஒரு தொல்லை.

நட்சத்திர ஆமைக்கு இழுவலையின் இடத்தில் இருப்பது வணிகம். அதன் இறைச்சிக்காக நடக்கும் வேட்டை சிறிது. பெரும்பகுதி வளர்ப்புப் பிராணிச் சந்தைக்கே போகிறது. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்துக்கு மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டதாக 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. துணியாலும் ஒட்டு நாடாவாலும் கால்தலை அசையாதபடி சுற்றி, பெட்டிகளில் அடுக்கித் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குக் கடத்துவார்கள். சென்னை விமான நிலையத்தில் அவை பிடிபடும் செய்தி நமக்குப் புதிதன்று. வாங்குகிறவர் எல்லாரும் வெளிநாட்டார் என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்று நம்பித் தொட்டியில் வைத்திருப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொன்ன ஊரிலேதான் இது நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பழமொழியை நம்புகிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது. ஆமையை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்க அது ஒரு காரணமாகவாவது அமைகிறதே.

வீட்டுத் தொட்டியில் ஆமைக்குக் கிடைப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்டில் அது புல், செடி, பூ, உதிர்ந்த பழம், சப்பாத்திக்கள்ளி என்று நார் மிகுந்ததை மேய்கிறது. வீட்டில் சோறும் ரொட்டியும் வைக்கிறார்கள். வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் ஓடு மெலிந்து இளகுகிறது. பொருந்தாத தீனியிலும் சூழலிலும் தட்டுகள் ஒவ்வொன்றும் கூம்பு கூம்பாக எழும்பி ஓடு கரடுமுரடாகிறது. அழகுக்காக வாங்கிய அந்தக் கோலமே முதலில் கெடுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2023 ஏப்ரல் 1 முதல், புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணைக்கு அது உயர்த்தப்பட்டது. இது நாடாளுமன்றச் சட்டம் என்பதால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றேதான். எல்லைக்கோட்டைத் தாண்டி மதுவின் விலை மாறுவதுபோல ஆமையின் சட்டம் மாறுவதில்லை. பிடிப்பது, விற்பது, வாங்குவது, அன்போடு வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான வேட்டைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. உலக அளவில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம், 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியபோது நட்சத்திர ஆமையைத் தன் முதல் இணைப்பில் சேர்த்தது. காட்டில் பிடித்த ஆமையை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுபோவது அதனால் தடை செய்யப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அது அழிய வாய்ப்புள்ள இனம்.

ஆகவே ஆளுக்கும் விற்பனைக்கும் சட்டம் இருக்கிறது. ஆமை வாழும் இடத்துக்கு? இதுதான் கட்டுரையின் இரண்டாவது பாதி. நம் மண்ணுக்கு மிக நெருக்கமான பாதியும் இதுவே.

கடலூர் கேப்பர் மலையின் சிவந்த சரிவுகளை ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த மண் தெரியும். புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று நம் ஊரின் பெயராலேயே அழைக்கிற பாறை அடுக்கும் அதன் மேல் கிடக்கும் செம்மண்ணும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மேடுகள் வரை இடையிடையே தலைகாட்டுகின்றன. இந்த மண்ணில் இயற்கையாக வளர்ந்தது வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு. வீரையும் உலக்கைப்பாலையும் காயாவும் நடுவில் குட்டையாக அடர்ந்து நிற்க, ஓரங்களில் காரை, சூரை, களா, சங்கஞ்செடி, கிளுவை என்று முட்புதர்கள் விரிந்து, அவற்றுக்கிடையே புல் திட்டுகளும் வெறுந்தரையும் கிடக்கும். ஓங்கிய மரம் இல்லாததால் வெளியூர்க்காரர் இதைக் காடு என்றே ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆமைக்கோ இந்தக் கலவைதான் வேண்டும். உச்சி வெயிலில் ஒதுங்கப் புதரின் அடிநிழல். காலையிலும் மாலையிலும் மேயப் புல். கோடையில் பல வாரங்கள் அசையாமல் கிடக்கச் சருகுக் குவியல். முட்டைக்கு வெயில் படும் திறந்த மண். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றால் பயனில்லை. இவை எல்லாம் நான்கு கால்களால் நடந்து அடையும் தொலைவுக்குள் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு நம் ஆவணங்களிலும் பேச்சிலும் இருக்கும் பெயர் தரிசு. ஊர்ப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், முள்காடு, சும்மா கிடக்கிற இடம். அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பே புதர்நிலத்தைத் தரிசு வகைகளில் ஒன்றாகத்தான் எண்ணுகிறது. பெயர் தரிசு என்று விழுந்துவிட்டால், அதை எதற்கேனும் பயன்படுத்துவதே நல்ல செயல் என்றாகிவிடுகிறது. செம்மண் வெட்டுகிறவர் குழி பறிக்கிறார்; மனை போடுகிறவர் கல் நடுகிறார்; ஊராட்சி குப்பை கொட்டுகிறது. குப்பையின் தீங்கு பலருக்குத் தெரியாத வகையில் வேலை செய்கிறது. குப்பைமேட்டை நம்பி நாயும் காகமும் பெருகும். பெருகியவை குப்பையோடு நிற்காமல் சுற்றியுள்ள புதர்களில் முட்டையையும் குஞ்சையும் தேடும். காட்டில் இயற்கையாக இருக்கும் பகையைவிடப் பல மடங்கு பகை அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

நல்லெண்ணத்தோடு செய்யும் கேடும் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் வருத்தப்படுவார்கள். தரிசைப் பசுமையாக்குகிறோம் என்று புல்லும் முள்ளும் கிடந்த இடத்தைப் பொக்லைன் வைத்து வழித்தெடுத்து, சவுக்கோ தைலமரமோ வரிசையாக நடுவது அந்தக் கேடு. பொக்லைன் பல்லுக்கடியில் புதரோடு புதராகப் போகிற உயிர்களை யாரும் எண்ணுவதில்லை. ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வதைத் தவிர ஆமைக்கு வேறு வித்தை தெரியாது. மரம் வளர்ந்த பிறகு அங்கே நிழல் இருக்கும், புல் இருக்காது. சருகு இருக்கும், வெயில் படும் மண் இருக்காது. நிலத்தைச் சுத்தம் செய்யக் கோடையில் வைக்கும் தீயும் இதே வகைதான். முயல் ஓடிவிடும், கவுதாரி பறந்துவிடும்.

அதற்காகச் சீர்கெட்ட நிலத்தை மீட்கவே கூடாது என்று பொருளில்லை. 1968ஆம் ஆண்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகப் பிளந்த செம்மண் வெளியாக இருந்தது. அங்கே வரப்பு கட்டி மழையைத் தேக்கி, காலப்போக்கில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களையும் புதர்களையும் தேடி நட்டு வளர்த்திருப்பது நம் பகுதியில் கண்ணெதிரே உள்ள பெரிய பாடம். அந்த நாற்றுகளுக்கு விதை எங்கிருந்து வரும் என்று கேட்டால், விடை பெரும்பாலும் கோயில் காடுகளை நோக்கிப் போகும். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடும், கடலூருக்கு அருகே திருமாணிக்குழியை ஒட்டிய காடும் இந்தப் பழைய காட்டு வகையின் எஞ்சிய துண்டுகள். சாமிக்கு அஞ்சிக் கிளை ஒடிக்காமல் விட்ட நம் முன்னோர் எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில் இவற்றைக் காத்தார்கள்.

ஆனால் துண்டு துண்டாக மிஞ்சுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பறவை ஒரு கோயில் காட்டிலிருந்து மற்றதற்குப் பறந்துவிடும். விதையையும் எடுத்துச் செல்லும். ஆமை நடக்க வேண்டும். முன்பு இரண்டு காடுகளுக்கிடையே கள்ளி வேலியும் கிளுவை வேலியும் முந்திரித் தோப்பும் ஒற்றையடிப் பாதையும் இருந்தன. ஆமை வேலியின் அடியிலேயே நிழலிலும் தீனியிலும் நடந்து போய்ச் சேரலாம். உயிர்வேலி போய்ச் சுற்றுச்சுவர் வந்ததும், வண்டிப்பாதை போய் நான்குவழிச் சாலை வந்ததும் ஒவ்வொரு துண்டும் ஒரு தீவாகிவிடுகிறது. தீவில் ஐந்தாறு ஆமைகள் மிஞ்சியிருக்கலாம். அவை நெடுநாள் வாழ்பவை என்பதால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் யாராவது ஒன்றைப் பார்த்து, இங்கே ஆமை இன்னும் இருக்கிறது என்று நிம்மதி கொள்ளலாம். ஆணுக்குப் பெண் கிடைக்காமல், புதிய குஞ்சே வராமல், கிழடுகள் மட்டும் நடமாடும் இடமாக அது இருக்கக்கூடும். ஆமை விஷயத்தில் ஓர் இடம் நலமாக இருக்கிறதா என்று அறிய, பெரிய ஆமையைக் கண்டால் மட்டும் போதாது. எல்லா வயதிலும் ஆமைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முதியோர் மட்டுமே மிஞ்சிய கிராமங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத செய்தியன்று.

அப்படியானால் கடத்தல்காரரிடம் பிடித்த ஆயிரக்கணக்கான ஆமைகளைக் கொண்டுவந்து இந்தக் காடுகளில் விட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இதில் இரண்டு தடைகள் உள்ளன. நட்சத்திர ஆமை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பகுதிகளில் வாழ்கிறது: குஜராத், ராஜஸ்தானை உள்ளடக்கிப் பாகிஸ்தான் வரை செல்லும் வடமேற்குப் பகுதி, தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தைச் சேர்ந்த தென்பகுதி, இலங்கை. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்ததால் வடமேற்கு ஆமையும் தென்னக ஆமையும் மரபணுவில் வேறுபட்டு நிற்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பெட்டியில் பிடிபட்ட ஆமைக்கு ஊர்ப்பெயர் எழுதி ஒட்டியிருப்பதில்லை. பல ஊர் ஆமைகள் ஒரே பெட்டியில் கலந்தே இருக்கும். ராஜஸ்தான் வெயிலுக்குப் பழகிய மரபை வடகிழக்குப் பருவமழை நிலத்தில் கலப்பது, பல நூறு ஆண்டு நாட்டு விதையோடு அறியாத விதையைக் கலப்பதைப் போன்றது. இரண்டாவது தடை நோய். நெருக்கி அடைத்த பெட்டியில் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு மூச்சுக்குழல் நோய்கள் தொற்றும். வெளியே நலமாகத் தெரியும் ஆமை காட்டிலுள்ளவற்றுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆகவே மீட்ட ஆமையைத் தனிமைப்படுத்தி, சோதித்து, மரபு அறிந்து, விடும் இடத்தில் கடத்தல் நின்றுவிட்டதா என்று உறுதி செய்து, பிறகே விட வேண்டும். இதற்குப் பணமும் ஆண்டுகளும் வேண்டும்.

அதைப் பொறுமையாகச் செய்த நாடும் ஒன்று உண்டு. நட்சத்திர ஆமையின் நெருங்கிய உறவான பர்மிய நட்சத்திர ஆமை, மியான்மரின் வறண்ட நடுப்பகுதிக் காடுகளில் ஏறக்குறைய முற்றிலும் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது. மீட்டவையும் காப்பகங்களில் இருந்தவையுமாக 200க்கும் குறைவான ஆமைகளை வைத்துக் காப்பகங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யவைத்து, 2017 அளவில் எண்ணிக்கையை 14,000க்கு மேல் கொண்டுவந்தார்கள். சில நூறு ஆமைகளைக் காவலுள்ள காடுகளில் திரும்பவும் விட்டார்கள். இதைப் படிக்கிறபோது ஆமை பெருகிய வேகத்தைவிட, பெருகிய பின்னும் விடுவதற்குப் பாதுகாப்பான காட்டைத் தேட வேண்டியிருந்ததுதான் என்னை நிறுத்தியது. நமக்கு அந்தக் காடு இன்னும் துண்டுகளாகவாவது இருக்கிறது.

மழைக்காலத்தில், புல் தளிர்த்த காலைப்பொழுதில், செம்மண் பகுதிச் சாலையில் நீங்களே ஒரு காட்டாமையைக் காண நேரலாம். அது வழிதவறி வரவில்லை. தன் வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆபத்தில்லாத இடமானால் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஊர்ப்பெயரும் இடக்குறிப்பும் தெரியும்படி படத்தை இணையத்தில் போடாதீர்கள். அதை ஆவலோடு தேடுகிறவர்களில் பிடிப்பவரும் இருப்பார். காயம்பட்டிருந்தாலோ, யாராவது விற்பதைக் கண்டாலோ, கடலூரில் மாவட்ட வன அலுவலகத்துக்கும் புதுச்சேரியில் வனத்துறைக்கும் சொல்லலாம். வீட்டில் முன்பே வளர்ந்துவரும் ஆமையையும் அங்கேதான் ஒப்படைக்க வேண்டும். இரவில் கொண்டுபோய் ஏதோ ஒரு புதரில் விட்டுவிட்டு வருவது மேலே சொன்ன இரண்டு தடைகளையும் சேர்த்து மீறுவதாகும். நடுச்சாலையில் வண்டிக்கு முன்னால் நிற்கிறது என்றால் மட்டும், இரு கைகளாலும் ஓட்டின் பக்கங்களைப் பற்றித் தரையை ஒட்டியே தூக்குங்கள். உயரத் தூக்கிக் குலுக்கினால் அச்சத்தில் சிறுநீர் கழித்துவிடும். வறண்ட காலத்துக்கு அது உடலில் சேர்த்து வைத்த நீர் அது. அது எந்தப் பக்கம் முகம் வைத்திருந்ததோ அந்தப் பக்கத்துச் சாலையோரப் புதருக்குள் இறக்கி விடுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால், நீங்கள் வண்டியை எடுத்த பிறகு அது மறுபடியும் சாலையில் ஏறும்.